சர்ச்சுவில் முதல் இரவு: உயர்மலை கேம்ப்பில் தங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்துவிட்டால் மணாலி தேநீர்க் கடைகளில் தமிழ்க் குரல் கேட்காத நாளே இல்லை. கோவை, மதுரை, சென்னைப் பதிவெண்ணோடு பைக்குகள், பின்னால் இறுக்கிக் கட்டிய பைகள், முகத்தில் அத்தனை சந்தோஷம். லடாக்குக்கு ஆட்களைக் கூட்டிப்போய் வருவது என் தொழில் என்பதால் நானே போய்ப் பேச்சுக் கொடுப்பேன்.

"இன்னைக்கு நைட்டு எங்க தங்குறீங்க தம்பி?"

"சர்ச்சு அண்ணே. டென்ட் புக் பண்ணியாச்சு."

இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பையன்கள் மேல் இல்லை, அப்படி ஒரு திட்டத்தைப் போட்டுக் கொடுத்தவர்கள் மேல். சர்ச்சு என்பது மணாலியிலிருந்து லே போகும் சாலையில், மிக உயரத்தில் இருக்கும் கேம்ப் இடம். கிளம்பிய முதல் இரவே அங்கே படுக்கக் கூடாது. இத்தனை தகவல் கையில் இருக்கும்போதும் இந்தத் தவறு தொடர்கிறது.

ஸ்வெட்டர் எடுங்கள், டார்ச் மறக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மணாலியில் எழுந்து சர்ச்சுவில் படுப்பது

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வாக. சர்ச்சு சுமார் 4,290 மீட்டர். தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். ஆகவே நம் ஊர் மலைகளில் எத்தனை முறை ஏறி இறங்கியிருந்தாலும் சர்ச்சு உயரம் நம் உடம்புக்குப் புதுசு.

அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான், ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற அளவு குறைந்துவிடுகிறது. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், அதற்கு நாள் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டியபின் படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் அதே இடத்தில் தங்குங்கள் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. படுக்கும் உயரம் என்பதைக் கவனியுங்கள். பகலில் ஒரு கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிட்டால் உடம்பு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். தூங்கும்போது மூச்சு தானாகவே மட்டுப்படும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் இன்னும் இறங்கும். அதனால்தான் தொல்லை எல்லாம் இரவில் வருகிறது.

முன்பு ரோதாங் கணவாயைத் தாண்டவே அரை நாள் போய்விடும். மதியத்துக்கு மேல் களைத்துப்போய் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ வண்டியை நிறுத்திவிடுவார்கள். இரண்டும் 3,100, 3,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர்கள். யாரும் திட்டமிடாமலே உடம்புக்கு ஓர் இரவு கிடைத்தது. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்தபின் அந்தத் தடை போய்விட்டது. இன்று காலை மணாலியில் இட்லி தேடிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால்கூட மாலை வெயில் இருக்கும்போதே சர்ச்சு போய்விடலாம். சாலை வேகமாகிவிட்டது, உடம்பு பழைய வேகத்தில்தான் பழகுகிறது.

இதில் பலரையும் ஏமாற்றுவது முதல் சில மணி நேரம். உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் மலை நோயின் அறிகுறிகள் போய்ச் சேர்ந்ததும் தெரிவதில்லை. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலை வலிக்க ஆரம்பிக்கும். அதனால் மாலை ஐந்து மணிக்குச் சர்ச்சு வந்து இறங்குகிறவர்கள் "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்று ஆற்றங்கரை வரைக்கும் ஓடிப்போய் வீடியோ எடுக்கிறார்கள். நடுராத்திரி அதே ஆள் டென்ட் வாசலில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்.

சர்ச்சுவில் இன்னொரு சிக்கல் உண்டு. இதைத் திட்டம் போடுகிறவர்கள் சொல்வதே இல்லை. மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. சர்ச்சுவிலிருந்து கீழே இறங்க நேர் வழி கிடையாது. மணாலி பக்கம் திரும்பினால் சுமார் 4,850 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா கணவாயில் ஏறித்தான் இறங்க வேண்டும். லே பக்கம் போனால் கட்டா வளைவுகளின் 21 திருப்பங்களில் ஏறி, நக்கீலா கணவாய், அப்புறம் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங்லா கணவாய், அதற்கப்பால் சுமார் 4,600 மீட்டரில் பாங். இரண்டு பக்கமும் மேடு கட்டிய கிண்ணத்தின் அடியில் படுத்திருக்கிறீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கூடாரத்துக்கு நாலு டென்ட் தள்ளி ஒரு கல்லூரி நண்பர்கள் குழு தங்கியிருந்தது. மணாலியிலிருந்து ஒரே நாளில் வந்தவர்கள். அதில் ஒரு பையன், ஜிம் உடம்பு, குழுவிலேயே அவன்தான் பலசாலி. முதல் இரவு தலைவலி, வாந்தி. காலையில் முகம் வீங்கிய மாதிரி உட்கார்ந்திருந்தான். இறங்கிவிடுங்கள் என்று நானும் கேம்ப் நடத்துகிறவரும் சொன்னோம். "ஒரு நாள் ரெஸ்ட் எடுத்தா செட்டாயிடும் அண்ணே" என்றார்கள். அவனும் தலையாட்டினான். முன்பணம் கட்டிய டென்ட், லேயில் புக் செய்த அறை, எல்லாவற்றுக்கும் ஒரே பதிவுத் திட்டம். நாள் தள்ளினால் பணம் போய்விடும் என்ற கவலை அவர்கள் பேச்சில் தெரிந்தது.

இரண்டாம் இரவு மூன்று மணிக்கு மேல் நண்பன் ஒருவன் வந்து எங்களை எழுப்பினான். போய்ப் பார்த்தால் பையன் படுக்க முடியாமல் தலையணையை மடியில் வைத்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். வறட்டு இருமல். பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. முதுகில் காதை வைத்தேன். உள்ளே தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அதற்கு மேல் காத்திருக்க ஒன்றுமில்லை. கேம்ப்பில் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டி, எங்கள் வண்டியில் ஏற்றி, இருட்டிலேயே பாரலாச்சா ஏறினோம். பகலில் சாலையில் ஓடிய பனிநீர் ராத்திரி கண்ணாடிப் பாளமாகிக் கிடந்தது. ஓட்டுநர் முதல் கியரில் ஊர்ந்தார். கணவாய்க்குக் கீழே உள்ள தார்ச்சா வந்தபோது பையன் முழு வாக்கியமாகப் பேசினான். கேலாங் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம், பிழைத்தான். அன்று வண்டியோ சிலிண்டரோ இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலசாலியாக இருந்தது அவனுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. உடற்பயிற்சி செய்த உடம்பு மலை நோயைத் தடுக்காது. உண்மையில் திடகாத்திரமான ஆண்கள்தான் வலியைச் சொல்லாமல் மறைக்கிறார்கள், அதனாலேயே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, எப்படிப் போவது? மணாலியிலிருந்துதான் போவேன் என்றால் ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். நடுவில் உள்ள பகலில் சூரஜ்தால் ஏரி வரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து படுங்கள். அப்புறம் விடியற்காலையில் கிளம்பி, சர்ச்சுவையும் பாங்கையும் சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்தும் இடங்களாக வைத்துக்கொண்டு, சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் லேயில் போய்ப் படுங்கள். நீண்ட நாள்தான், ஆனால் இறங்கிப் படுக்கிற நாள். இதைவிட நல்லது ஸ்ரீநகர், கார்கில் வழியாக மெல்ல மெல்ல லே போய், ஒரு வாரம் சுற்றிவிட்டு, திரும்பும்போது சர்ச்சுவில் டென்ட் போடுவது. உடம்பு பழகியபின் அந்த இரவு எவ்வளவு அழகு தெரியுமா. விளக்குகளை அணைத்ததும் பால்வீதி மலைக்கு மலை பாலம் போட்ட மாதிரி நிற்கும். அதே டென்ட்டில் முதல் நாள் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு கிடப்பவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

சந்திரதால் ஏரிக்கும் இதே கணக்குதான். அதுவும் ஏறக்குறைய 4,250 மீட்டர். மணாலியிலிருந்து ஒரே நாளில் போய்ப் படுக்காதீர்கள். அங்கே ஓர் ஆறுதல், திரும்பும் சாலை கரடுமுரடு என்றாலும் பாத்தல், சத்ரு என்று கீழ்நோக்கியே போகும். ஏரிக்கரையில் டென்ட் போட அனுமதி இல்லை, கேம்ப்கள் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கின்றன.

கற்பூரத்தையும் டப்பா ஆக்ஸிஜனையும் நம்புவது

துணியில் முடிந்த கற்பூரத்தை முகர்ந்தால் மூக்குக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு அதிகரிக்காது. கடையில் விற்கும் கையடக்க ஆக்ஸிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு "பார்த்துக்கலாம்" என்று மேலே போவதுதான் ஆபத்து.

டயாமாக்ஸ் மாத்திரை உதவும். ஆனால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். பொதுவாக 125 மில்லிகிராம், இரண்டு வேளை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கண்டிப்பாக முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், பயப்பட வேண்டாம். மாத்திரை போட்டுவிட்டோம் என்று ஒரு இரவைக் குறைத்துக்கொண்டால் போட்டும் பலனில்லை.

ஆக்ஸிமீட்டரை விடாமல் பார்ப்பது

அந்த உயரத்தில் புதிதாய் வந்தவருக்கு 80களில் காட்டுவது சகஜம். விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். ஒரு நேர்க்கோட்டில் ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், குழம்பிப் பேசினால், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், இறக்குங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பக்கத்தில் தூங்குகிறவர் சில நொடி மூச்சையே விடாமல் இருந்து, பிறகு வேகமாக இழுத்து விடுவதைக் கேட்டால் திடுக்கிட வேண்டாம். உயரத்தில் தூக்கத்தில் பலருக்கும் அப்படி நடக்கும்.

மது, தூக்க மாத்திரை

முதல் இரவுகளில் இரண்டும் கூடாது. மூச்சைக் குறைக்கும்.

டென்ட்டுக்குள் அடுப்பு, கரிச்சட்டி

ஒருபோதும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வாசலில் வைத்தாலும் புகை உள்ளேதான் வரும்.

மேலே மூன்று கம்பளி, கீழே ஒரு ஜமுக்காளம்

சொந்த டென்ட் கொண்டு போகிறவர்கள் செய்வது. குளிர் மேலேயிருந்து வருவதாக நினைத்து ரஜாய் ரஜாயாகப் போர்த்துகிறார்கள். தரைதான் ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டை இழுக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு உடம்புக்கு அடியில் நசுங்கிவிடுவதால் கீழ்ப்பக்கம் அதற்குச் சக்தி இல்லை. நல்ல மேட் ஒன்றுக்குச் செலவழியுங்கள். இல்லையென்றால் இரண்டு ஃபோம் மேட்டை ஒன்றன்மேல் ஒன்று போடுங்கள்.

குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுதாக மூடுவதும் வேண்டாம். மூச்சின் ஈரம் உள்துணியில் படிந்து, காலையில் ஸ்லீப்பிங் பேக்கின் மேல் சொட்டும். நனைந்த பேக் மறுநாள் இரவு எதற்கும் உதவாது.

பொன்னி அரிசி மூட்டை

சர்ச்சு உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் கொதித்த சோற்றை விரலால் நசுக்கிப் பாருங்கள், வெளியே குழைந்து நடுவில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளைப் புள்ளி நிற்கும். பருப்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். சின்ன பிரஷர் குக்கர் கொண்டு போங்கள், இல்லையென்றால் சேமியா, அவல், சத்துமாவு என்று மாறிக்கொள்ளுங்கள்.

கேஸ் கேனில் இருப்பது வெறும் பியூட்டேன் என்றால் உறைநிலைக்குக் கீழே குளிரும் காலையில் அடுப்பு முனகிக்கொண்டு நின்றுவிடலாம். கேனை ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனும் பவர்பேங்கும் அங்கேதான் இருக்க வேண்டும்.

குளிர்கிறது என்று கறுப்புக் கண்ணாடி போடாமல் இருப்பது

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். பனி கிடந்தால் கீழிருந்தும் அடிக்கும். கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி ராத்திரி எரியும்.

திரும்பும் நாளில் மெதுவாகக் கிளம்புவது

ஓடைகள் பனி உருகி வருபவை. காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர் மதியத்துக்கு மேல் பைக்கின் சைலன்சரை மூழ்கடிக்கும். பாரலாச்சாவுக்கு அப்பால் ஜிங்ஜிங்பார் பக்கம் சாலையைக் குறுக்கே வெட்டிப்போகும் ஓடைகளை முற்பகலிலேயே தாண்டிவிடப் பாருங்கள். அதற்காக இருட்டிலும் கிளம்பாதீர்கள், பாரலாச்சாவில் சாலைமேல் பனிக்கண்ணாடி இருக்கும். சர்ச்சுவில் வெயில் விழுந்ததும், தேநீர் குடித்த கையோடு வண்டியை எடுத்தால் நேரம் சரியாக இருக்கும்.