பிள்ளைக்குக் கல்யாணம்: அம்மா முழுசாக எடுத்துச் செய்ய வேண்டியவை

தேதி குறித்த கையோடு பெண்ணோ பையனோ, பக்கத்தில் உட்கார வைத்து ஒன்றைப் பேசி முடியுங்கள்: எது அவர்கள் முடிவு, எது உங்கள் பொறுப்பு. முகூர்த்தப் புடவை, போட்டோ, மேடை அலங்காரம், நண்பர்கள் பட்டியல் எல்லாம் அவர்களுடையவை. உறவுக்காரர் பட்டியல், பத்திரிகை வைக்கும் வரிசை, சீர், சாப்பாடு உங்களிடம் இருக்கட்டும். எல்லாவற்றிலும் பாதிப்பாதி கை வைப்பதால்தான் வீட்டில் சண்டை வருகிறது.

முதலில் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். குடும்பத்துக்கு ஒரு வரி: பெயர், ஊர், வரவேற்புக்கு எத்தனை பேர், முகூர்த்தத்துக்கு எத்தனை பேர், இரவு தங்குவார்களா, பத்திரிகை வைத்தாயிற்றா. தாய்மாமன் வீடும் பங்காளி வீடும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே வரிசை தப்பினால் அதைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆகும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் முதல் நாள் மாலை வரவேற்புக்குத்தான் பெரிய கூட்டம். காலையில் நெருங்கிய சொந்தம்தான் மிஞ்சும். அதனால் சமையல்காரரிடம் இரவுக்கு ஒரு எண்ணிக்கை, காலை டிபனுக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒரே எண்ணிக்கை சொன்னால் இரவு சாப்பாடு பற்றாது, காலையில் இட்லி மீந்துபோகும்.

நீங்களே மளிகை வாங்கிக் கொடுப்பதானால், இலைச் சாப்பாட்டுக்கு 1 கிலோ அரிசி 8 முதல் 10 பேருக்கு வரும். மொத்தமாகச் சமையல் காண்ட்ராக்ட் விட்டால் கணக்கு இலைக்குத்தான். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் நம்பிக்கையான ஒருவர் இலையை எண்ணி, சமையல்காரர் ஆளிடம் அங்கேயே கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் மொத்தமாக எண்ணும்போதுதான் தகராறு வரும். மேளக்காரர், போட்டோகிராபர், வேன் டிரைவர், பரிமாறுபவர்கள் இலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அநேகர் மறப்பது இதைத்தான். பந்தியில் 150 பேர் உட்காரலாம், ஒரு பந்திக்கு 35 நிமிடம் என்றால் 600 பேர் சாப்பிட 2 மணி 20 நிமிடம் ஆகும். ஆகவே மணமக்கள் மேடை ஏறும் வரை காத்திருக்காமல் மாலை 7 மணிக்கே முதல் பந்தியைப் போட்டுவிடுங்கள்.

மண்டபத்தில் வாடகையை மட்டும் கேட்காதீர்கள். கரண்ட் பில், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, பாத்திர வாடகை எல்லாம் தனியா, எத்தனை மணிக்குச் சாவி கிடைக்கும், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் என்றால் இன்னும் கவனம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரையைக் கடந்தது. பந்திக்கூடத்தில் தண்ணீர் ஏறுமா, புயல் வந்தால் தேதி மாற்றித் தருவார்களா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

கடலூர் அருகே திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் தாலி கட்டுவதானால் முகூர்த்த நாளில் ஒரே காலையில் பல கல்யாணங்கள் நடக்கும். நெரிசலில் வண்டி நகராது. பெண், மாப்பிள்ளை, ஐயர், தாலி, மாலை எல்லாம் நேரத்துக்கு வெகு முன்பே மலையடிவாரம் சேர்ந்துவிட வேண்டும். தாலி ஒருவர் கைப்பையில் மட்டும் இருக்கட்டும். அது யார் என்பது இன்னும் இருவருக்குத் தெரியட்டும். கோயில் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பதிவுக்கு உதவும். தமிழ்நாட்டில் நடந்த திருமணத்தை 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. புதுச்சேரியில் மாப்பிள்ளையோ பெண்ணோ பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரானால், கல்யாணத்துக்கு முன்பே அங்குள்ள பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அந்தத் திருமணத்தைப் பிரான்சில் பதிவு செய்வது இழுத்துக்கொண்டே போகும்.

சீர் விஷயத்தில் உறுதியாக இருங்கள். கேட்டு வாங்குவது குற்றம். விருப்பப்பட்டுக் கொடுப்பதற்கும் வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 1985 விதிகளின்படி பட்டியல் வேண்டும்: பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை, மணமக்களின் கையெழுத்து. பையனின் அம்மாவே இதை எழுதச் சொன்னால் பெண் வீட்டார் மனம் லேசாகும்.

கடைசி வாரத்தில் பிள்ளைக்கு உங்களால் ஆகும் பெரிய உதவி, அவர்கள் முன்னால் நிற்பதுதான். “இது என்ன கலர்?” என்று அத்தை கேட்டால், “நான்தான் சரின்னு சொன்னேன்” என்று சொல்லிவிடுங்கள். முதல் நாள் காலையிலிருந்து பூக்காரர், வேன்காரர், சமையல்காரர் யாரும் பிள்ளையின் போனுக்கு அழைக்கக் கூடாது. வேறொருவர் நம்பரைக் கொடுங்கள். ஜாக்கெட்டை மூன்று வாரம் முன்பே தைத்து, உள்ளே துணி விடச் சொல்லி, கடைசி வாரத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடியற்காலை முகூர்த்தத்துக்குப் புடவை கட்டும் முன்பே இரண்டு இட்லியும் தண்ணீரும் கொடுங்கள். விரதம் இருப்பது உங்கள் வழக்கமானால் பாலாவது குடிக்கட்டும். வெறும் வயிற்றோடு ஹோமப் புகையில் உட்காருவதால்தான் பலருக்கு மயக்கம் வருகிறது.