பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் டேப் கசிந்தால்

நிறுத்தி வைத்த வண்டியின் அருகே காலையில் பெட்ரோல் வாடை அடித்தால், டேப்பை மொத்தமாக மாற்றிவிடுவதே பலரும் எடுக்கும் முடிவு. ஆனால் டேங்கின் அடியில் இருந்து, கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோலைத் திறந்து மூடும் அந்தச் சிறிய உலோகப் பொருள் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. அதற்குள் இருக்கும் நான்கைந்து ரப்பர் துண்டுகளில் ஏதோ ஒன்று காய்ந்து சுருங்கியிருக்கும், அல்லது ஊறிப் பெருத்திருக்கும். அது எது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுத்தால், ஒழுகாமல் இருந்த இணைப்பையும் கலைத்துவிட்டு, கசிவு மட்டும் அப்படியே தொடர்வதைத்தான் பார்க்க நேரும்.

சொட்டு விழும் இடமும் கசிவு தொடங்கும் இடமும் ஒன்றல்ல. பெட்ரோல் டேப்பின் உடலோடு ஒட்டி வழிந்து, இருப்பதிலேயே தாழ்வான முனையில் வந்துதான் துளியாகும். ஆகவே டேப்பை முழுவதும் துடைத்துக் காயவைத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பிலும் சிறிய டிஷ்யூ காகிதத் துண்டை ஒற்றிப் பாருங்கள். டேங்கும் டேப்பும் சேரும் இடம் முதலில் நனைந்தால், அங்குள்ள ஓ-ரிங் எனும் ரப்பர் வளையமோ, போல்ட்டுகளின் அடியில் உள்ள வாஷர்களோ போய்விட்டன என்று பொருள். லீவரைச் சுற்றி ஈரம் தெரிந்தால் குறை உள்ளே இருக்கும் லீவர் சீலில். அடியில் கிண்ணம் உள்ள டேப்பாக இருந்தால் அதன் விளிம்பையும் பார்க்க வேண்டும். ட்யூபின் முனை வெடித்திருப்பதும் உண்டு. அதற்கு டேப்பைத் தொடவே வேண்டியதில்லை.

வெளியே ஒரு துளியும் தெரியாத கசிவுதான் உண்மையில் ஆபத்தானது. லீவரை ஆஃப் நிலையில் வைத்து, கார்புரேட்டர் பக்கத்தில் ட்யூபைக் கழற்றி, அதன் முனையை ஒரு பாத்திரத்துக்குள் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மெல்லச் சொட்டினால் டேப் உள்ளுக்குள் மூடவில்லை. இதோடு, கார்புரேட்டர் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசியும் தேய்ந்திருந்தால், பெட்ரோல் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தரைக்கு வரும். அல்லது சிலிண்டருக்குள் இறங்கி இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். எனவே கார்புரேட்டர் வழிகிறது என்றால் பழியை டேப் மேல் மட்டும் போட முடியாது. ஊசியையும் பார்த்தாக வேண்டும்.

சில வண்டிகளில், இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் அழுத்தக் குறைவால் திறக்கும் டேப் இருக்கும். இதில் பெட்ரோல் ட்யூபோடு, இன்ஜின் காற்றை உறிஞ்சும் இன்டேக் பக்கத்திலிருந்து மெல்லிய இன்னொரு ட்யூபும் வந்து சேரும். இன்ஜின் நின்றிருக்கும்போது ஆன் நிலையிலும் இதில் பெட்ரோல் வரக் கூடாது. மெல்லிய ட்யூபைக் கழற்றிப் பார்க்கையில் அதனுள் பெட்ரோல் ஈரம் இருந்தால், உள்ளே இருக்கும் டயஃப்ரம் எனும் மெல்லிய சவ்வு கிழிந்துவிட்டது. அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வேலையைத் திறந்தவெளியில், இன்ஜின் முழுமையாகக் குளிர்ந்த பிறகே தொடங்க வேண்டும். பெட்ரோல் ஏறத்தாழ −40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடுவது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து, தள்ளி எரியும் அடுப்பையோ விளக்கையோ தேடிப் போய்விடும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். உலர் பொடி தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். டேங்கிலுள்ள பெட்ரோலை அதற்கென்றே உள்ள கேனில் முழுவதுமாக இறக்கிவிடுங்கள். லீவரை ரிசர்வ் நிலையில் வைத்தால்தான் அடி வரை இறங்கும், ஏனென்றால் ஆன் நிலைக்கான குழாய் டேங்குக்குள் உயரமாக நிற்கும்.

டேப்பை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருந்தால் கழற்றுவது எளிது. ஒரே பெரிய நட் பிடித்திருந்தால் கவனம் தேவை: சில வண்டிகளில் அந்த நட்டின் ஒரு பாதியில் வலது மரையும் மறு பாதியில் இடது மரையும் இருக்கும், அது தெரியாமல் டேப்பைப் பிடித்துத் திருகினால் மரை அழிந்துவிடும். வெளியே எடுத்ததும் வலைவடிகட்டியைப் பாருங்கள். செம்பழுப்புத் துகள் நிறைந்திருந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் புதிய ரப்பர் போடுவது வீண், துருத் துகள்கள் சில வாரங்களில் அதையும் கீறிவிடும்.

லீவரின் முகத்தில் உள்ள இரண்டு சிறிய ஸ்க்ரூக்களைக் கழற்றினால் தகடு, அலைபோல் வளைந்த ஸ்பிரிங் வாஷர், லீவர், துளைகள் கொண்ட ரப்பர் வட்டு ஆகியவை வரிசையாக வெளிவரும். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் கழற்றும்போதே படம் எடுத்து வைப்பது நல்லது. ஸ்க்ரூக்களுக்குப் பதில் ரிவெட் அடித்திருந்தால், அது பிரிப்பதற்காகச் செய்யப்படாத டேப். புதியதை வாங்குவதே மேல்.

பலர் புதிய வட்டைப் போட்டும் கசிவு நிற்கவில்லை என்று சொல்வதற்குக் காரணம், வட்டு உட்காரும் இடத்தையும் அதன் மேல் உரசும் லீவரின் முகத்தையும் அவர்கள் பார்க்காமல் விடுவதே. நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்கு லீவரின் முகத்தில் கோடு இருந்தால் புதிய ரப்பரும் மூடாது. கண்ணாடிப் பலகையின் மேல் 1000 எண் எமரி தாளை விரித்து, சில துளி எண்ணெய் விட்டு, லீவரின் முகத்தை எட்டு வடிவில் மென்மையாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். கோடு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். தேய்த்த தூள் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கழுவ வேண்டும்.

ரப்பர் பாகங்கள் பெட்ரோல் தாங்கும் நைட்ரைல் அல்லது வைட்டான் வகையாக இருக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வைட்டானே நம்பகமானது. அளவு பொருந்துகிறதே என்று தண்ணீர்க் குழாயின் வாஷரைப் போட்டால், அது ஊறிப் பெருத்து லீவரைத் திருப்ப முடியாமல் செய்துவிடும். சாதாரண சிலிக்கான் பசையும் வேண்டாம். பெட்ரோலில் அது இளகி, துணுக்குகளாகப் பிய்ந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் நுண்துளையான ஜெட்டை அடைக்கும்.

பூட்டும்போது ஓ-ரிங்கில் இன்ஜின் ஆயிலை மெல்லியதாகத் தடவுங்கள். போல்ட்டுகளின் அடியில் இருந்த ஃபைபர் வாஷர்களுக்குப் பதில் இரும்பு வாஷர் போடக் கூடாது, ஏனெனில் போல்ட் துளை டேங்குக்குள் திறந்திருந்தால் மரை வழியாகவும் பெட்ரோல் இறங்கும். இரு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் டேப்பின் அடித்தளம் வளைந்து புதிய கசிவு பிறக்கும்.

ட்யூபின் முனையை அடைத்துக்கொண்டு அரை லிட்டர் பெட்ரோல் மட்டும் ஊற்றி, ஆன், ஆஃப், ரிசர்வ் ஆகிய மூன்று நிலைகளிலும் சில நிமிடங்கள் விட்டு, மீண்டும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். பிறகு லீவரை ஆஃப் நிலையில் வைத்து, ட்யூபின் முனையைப் பாத்திரத்தில் விட்டு முன்புபோல் அரை மணி நேரம் சோதியுங்கள். பாத்திரம் காய்ந்தே இருந்தால் ட்யூபைக் கார்புரேட்டரில் மாட்டி, கிளிப் போட்டுவிடலாம். இன்ஜினை இயக்குவதற்கு முன் ஆயில் அளவைப் பார்க்க மறக்காதீர்கள்: அளவு கூடியிருந்தாலோ, ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தாலோ, அதை முழுவதும் வடித்துப் புதிய ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெதுவாக நாலைந்து முறை மிதித்து, சிலிண்டரில் தேங்கியதை வெளியேற்றி, அந்த ஆவி கலையும் வரை காத்திருந்த பிறகே பிளக்கை மாட்டி வண்டியைக் கிளப்ப வேண்டும்.