பஞ்சர் ஒட்டியும் இறங்கிய காற்று

காரின் பின் டயரில் அடிக்கடி காற்று குறைந்தது. வீட்டில் நிறுத்தி வைத்தால் குறையாது. நெடுஞ்சாலையில் ஓட்டினால் மட்டும் காற்றழுத்தம் 33 psi-லிருந்து 24-க்கு வந்துவிடும். சாலையோரக் கடையில் ஆணியைப் பிடுங்கி டியூப்லெஸ் பஞ்சர் போட்டும் தீரவில்லை. வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்ன ‘பின்’னை மாற்றினேன், பலனில்லை. சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் ஒரு குமிழ்கூட இல்லை.

கடைசியில் விழுப்புரம் அருகே ஒரு பஞ்சர் கடை அண்ணன் சோப்பு நீரைத் தடவி, ரிம்மில் நீட்டிக்கொண்டிருக்கும், காற்றடிக்கும் வால்வுத் தண்டை விரலால் பக்கவாட்டில் சாய்த்தார். அதன் அடி ரப்பரில் நுரை பொங்கியது! அங்கே ஒரு விரிசல்; தண்டு நேராக நின்றால் அது மூடிக்கொள்கிறது. சக்கரம் வேகமாகச் சுழலும்போது தண்டு வெளிப்பக்கமாகச் சாய, விரிசல் திறக்கிறது. சோதிப்பவர்கள் தண்டை நாலு பக்கமும் சாய்த்துப் பார்ப்பது அவசியம்.

டயரை ரிம்மிலிருந்து பிரித்து, ரப்பர் வால்வையே புதிதாகப் போட்டோம். அப்புறம் திருச்சி வரை போய்வந்தும் 33 குறையவில்லை. அப்பாடா!