ஹாட் கிராஸ் பன்: சிலுவை வழியாமல் வர

இங்கிலாந்தில் புனித வெள்ளிக்குச் சாப்பிடுகிற, மேலே மாவுக் கரைசலால் சிலுவைக் கோடு போட்ட மசாலா பன் இது. 1592-ல், முதலாம் எலிசபெத் காலத்தில், புனித வெள்ளி, கிறிஸ்துமஸ், இறுதிச் சடங்கு தவிர மற்ற நாளில் மசாலா பன் விற்கக் கூடாது என்று லண்டனில் உத்தரவே இருந்தது. அவ்வளவு மதிப்பு இதற்கு.

12 பன்னுக்கு: பிரெட் மாவு 500 கிராம், சர்க்கரை 75, உப்பு 8, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, வெண்ணெய் 50, ஒரு முட்டை, வெதுவெதுப்பான பால் 250 மி.லி. பட்டை, ஜாதிக்காய், கிராம்புப் பொடி எல்லாம் சேர்ந்து 2 டீஸ்பூன்.

வழக்கம்போல் பிசைந்து, இரண்டு மடங்காக உப்ப விடுங்கள். அப்புறம்தான் 150 கிராம் உலர் திராட்சையும் சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சுத் தோல் 50 கிராமும். திராட்சையை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுத்துச் சேருங்கள். ஈரம் நின்றால் மாவு பிசுபிசுத்துவிடும்.

உருட்டி, ஒன்றோடொன்று தொடுகிற மாதிரி அடுக்கி, மறுபடி உப்ப விடுங்கள்.

சரி, இப்போது சிலுவை. முதல் தடவை இதை உப்புவதற்கு முன்பே போட்டேன்; பன் பெருக்கப் பெருக்க கோடு விண்டுபோனது. அடுத்த தடவை கரைசல் நீர்த்துப்போய், ஓவனுக்குள் வழிந்து தட்டில் ஒட்டிக்கொண்டது. இப்போது 75 கிராம் மைதாவில் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விடுகிறேன், மொத்தம் ஐந்து டேபிள்ஸ்பூன் அளவுக்கு. ஸ்பூனைத் தூக்கினால் கரைசல் நாடாவாக விழ வேண்டும்; விழுந்த தடம் உடனே மறையக் கூடாது. ஓவனில் வைப்பதற்குச் சற்று முன்புதான் போட வேண்டும். தனித்தனியாக வரையாமல், ஒரு வரிசை முழுக்க ஒரே கோடாக இழுங்கள், பிறகு குறுக்கே. கரைசலைப் பிழிய நாசில் (கூம்பு முனை) வாங்கவே வேண்டாம். தடித்த பிளாஸ்டிக் கவரின் முனையை 5 மி.மீ. வெட்டினால் அதைவிட நன்றாக வரும்.

200 டிகிரியில் 20 நிமிடம். சூடு ஆறுவதற்குள் ஆப்ரிகாட் ஜாமை உருக்கித் தடவுங்கள். ஆறிய பன்னில் பளபளப்பு ஏறாது.

பின்சேர்க்கை: மாவு உப்பவே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவருமே வாசனைக்காகப் பட்டையை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். பட்டை அதிகமானால் ஈஸ்ட் மந்தமாகிவிடும். கூடுதல் மணம் வேண்டுமென்றால் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடுங்கள், பட்டையைத் தொடாதீர்கள்.