கவுண்டரில் கதை சொல்லாதீர்கள்: தோட்டப்புறத்து ஆட்களுக்குப் பேசவும் எழுதவும் ஒரு வழிகாட்டி

தோட்டப்புறத்து ஆட்களுக்குப் பேச வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஏதாவது ஒரு ஒட்டுக்கடையில் தே தாரேக் டீ வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்து பாருங்கள், அரசியலில் ஆரம்பித்து, கோயில் நிர்வாகத்தில் இறங்கி, யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பது வரைக்கும் காது நிறையக் கேட்கலாம். சிக்கல் கவுண்டரில்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்த்ததும் ஒன்று நமக்கு வாய் அடைத்துவிடுகிறது, இல்லாவிட்டால் அப்பா எந்தத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவினார், அது எப்போது செம்பனையாக (எண்ணெய்ப் பனையாக) மாறியது, லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, உடைத்தபோது யார் யார் எங்கே போனார்கள் என்று ஆதியோடு அந்தமாகப் போய்க்கொண்டே இருக்கிறோம். வந்த காரியமோ தொலைந்துபோன ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்கு, மாற்று ஐசி.

இது பழக்கத்தால் வந்த குறை, புத்தியால் வந்தது இல்லை. காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் கூட்டத்தில், தண்டல் (மேற்பார்வையாளர்) சொல்வார், ஆட்கள் கேட்டுக்கொண்டு காட்டுக்குப் போவார்கள், எதிர்க்கேள்விக்கு அங்கே இடம் கிடையாது. கடிதம் எழுத வேண்டுமென்றால் ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) இருந்தார். இப்போது தாமானுக்கும் (குடியிருப்புப் பகுதிக்கும்) அடுக்குமாடி வீட்டுக்கும் வந்த பிறகு தண்டலும் இல்லை, கிராணியும் இல்லை, நாமேதான் பேச வேண்டும், நாமேதான் எழுத வேண்டும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்: எதிரில் இருப்பவர் எனக்காக என்ன செய்ய வேண்டும்? "குப்பைப் பிரச்சினை" என்று எழுதினால் அது வெறும் புலம்பல். "எங்கள் லோரோங்கில் (சந்தில்) இரண்டு வாரமாகக் குப்பை எடுக்கவில்லை, இந்த வாரத்துக்குள் லோரி அனுப்புங்கள்" என்பதுதான் வேலைக்கு ஆகும் வாக்கியம், ஏனென்றால் அதில் எங்கே, எவ்வளவு நாளாக, என்ன வேண்டும் மூன்றும் இருக்கிறது. நேரில் பேசினாலும் போனில் பேசினாலும் கடிதம் எழுதினாலும் இந்த வாக்கியம்தான் முதலில் வர வேண்டும். பின்கதையை அவர் கேட்டால் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் அதை ஒட்டுக்கடைக்கு மிச்சம் வையுங்கள்.

அதோடு, யாரிடம் சொல்கிறோம் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சுங்கை சிப்புட் பட்டணத்துக் குப்பை, சாக்கடைப் புகாரென்றால் கோலாகங்சார் நகராண்மைக் கழகம். ஆனால் தோட்டத்துக்குள்ளே இருக்கும் லயத்து வீட்டில் கூரை ஒழுகுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் அது தனியார் நிலம், முதலில் தோட்ட நிர்வாகத்திடம்தான் போக வேண்டும். அவர்கள் அசையவில்லையென்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. தொழிலாளர்களின் குறைந்தபட்ச வீட்டு வசதிகளுக்கென்றே 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். ஆள் மாறிப் போனால் எவ்வளவு அழகாகப் பேசினாலும் "இது எங்கள் வேலை இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

பேச்சைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கவுண்டரில் மலாய்தான், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நம் ஆட்களில் பலர் பேசுவது சந்தை மலாய். "சாயா புஞ்ஞா ரூமா" என்று தமிழ் வரிசையிலேயே சொல்லிவிடுவோம், முறையாகச் சொன்னால் "ரூமா சாயா". சந்தை மலாயிலும் காரியம் நடக்கும், ஆனால் ஆபீஸிலும் நேர்முகத் தேர்விலும் இந்த ஒரு வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டால்கூடப் பேச்சின் தோரணையே மாறிவிடும். "லு" (நீ), "குவா" (நான்) இரண்டையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். ஆணென்றால் என்சிக், பெண்ணென்றால் புவான், கேட்கும்போது "போலே தோலோங்" (உதவ முடியுமா) என்று ஆரம்பியுங்கள். குரலை உயர்த்துவதால் வரிசை வேகமாக நகர்ந்ததாக நான் பார்த்ததே இல்லை. அவர் பதில் சொல்லி முடித்ததும், புரிந்ததைத் திருப்பிச் சொல்லிக் கேளுங்கள்: "அப்படியானால் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வர வேண்டும், சரியா?" இது ஒன்று போதும், பாதி அலைச்சல் குறையும். புரியாமல் தலையாட்டுவதுதான் நமக்கு இருக்கும் பெரிய வியாதி, அது பெரட்டு காலத்து வியாதி.

போனில் முகம் தெரியாது என்பதால் இன்னும் ஒழுங்கு வேண்டும். அதிலும் அவசர எண் 999. அழைத்ததும் போலீஸா, ஆம்புலன்ஸா, தீயணைப்பா என்று சொல்லிவிட்டு, உடனே இடத்தைச் சொல்லுங்கள், "ஐயோ, மாமா விழுந்துட்டார்" என்பது அதற்கு அடுத்ததுதான். தோட்டத்துப் பாதைகளுக்குப் பெரும்பாலும் பெயர்ப்பலகை இருக்காது, செம்பனைக் காட்டுக்குள் எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் பெரிய சாலையில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், அங்கே தமிழ்ப்பள்ளி இருக்கிறதா, கோயில் வளைவு இருக்கிறதா, திரும்பிய பிறகு எந்தப் பக்கம் என்று வரிசையாகச் சொல்லி, ஒரு பையனை மோட்டாரில் அந்தச் சந்திப்பில் நிற்க வையுங்கள். அவன் போட்டிருக்கும் சட்டையின் நிறத்தையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்கக் கூடாது.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. நேர்முகத் தேர்வில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் நம் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளிக் கட்டுரையை ஒப்பிக்கிறார்கள்: என் பெயர் இது, அப்பா பெயர் இது, உடன்பிறந்தவர்கள் நான்கு பேர், பொழுதுபோக்கு பூப்பந்து. ஆள் எடுக்க வந்தவருக்கு உங்கள் தங்கை எந்த வகுப்பு என்பது எதற்கு? என்ன படித்தேன், என்ன வேலை செய்து பார்த்திருக்கிறேன், இந்த வேலைக்கு அது எப்படி உதவும், இவ்வளவுதான். அனுபவமே இல்லை என்பார்கள். பள்ளி விடுமுறையில் மினி மார்க்கெட்டில் கல்லாவில் நின்றது அனுபவம் இல்லையா? கோயில் திருவிழாவுக்கு வசூல் கணக்கு எழுதியது? "மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானக் கணக்கைப் பார்த்துக்கொண்டேன், கடைசியில் ரசீதும் பணமும் சரியாக இருந்தது" என்று சொல்கிற பிள்ளையை ஸ்டோர் வேலைக்கு எடுக்காமல் வேறு யாரை எடுப்பது? வீட்டில் கண்ணாடி முன்னால் பழகுவதைவிடக் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்பது நல்லது. முதல் தடவை கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

மேடைப் பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். "அவர்களே, அவர்களே" என்று பத்து பேரை விளித்து முடிப்பதற்குள் பின்வரிசை பிரியாணிக்குப் போய்விடுகிறது. முதன்மை விருந்தினர், தலைவர், பிறகு "வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்". முடிந்தது.

இனி எழுத்து. வாயால் சொன்னது காற்றோடு போகும் என்பதை நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுவதில்லை. அரசாங்க ஆபீஸுக்கு எழுதும் மலாய்க் கடிதம், அதாவது சூராட் ரஸ்மி, பார்க்கத்தான் பயமாக இருக்கும், உள்ளே இருப்பது ஒரு சட்டகம் மட்டுமே. மேலே இடதுபுறம் உங்கள் பெயர், முகவரி, அதன்கீழ் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பெறுபவரின் பதவியும் முகவரியும், அந்தப் பகுதியிலேயே வலதுபுறம் தேதி. "துவான்" அல்லது "புவான்" என்று விளித்துவிட்டு, தலைப்பைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும், கைப்பட எழுதினால் அடிக்கோடும் போட வேண்டும். முதல் பத்திக்கு எண் கிடையாது, இரண்டாவது பத்தியிலிருந்து 2, 3 என்று எண் வரும். இது தெரியாமல் முதல் பத்திக்கே 1 என்று போடுகிறவர்கள் நிறையப் பேர். கடைசியில் "செகியான், தெரிமா காசே" (இத்துடன், நன்றி), பிறகு "யாங் பெனார்" (உண்மையுள்ள), கையெழுத்து, பெயர். இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து "சாயா யாங் மெஞ்ஜாலன்கான் அமானா" (பொறுப்பை நிறைவேற்றும் நான்) என்று முடித்துவிடாதீர்கள், அது அரசு ஊழியர்கள் போடுவது.

தலைப்பிலேயே காரியம் தெரிய வேண்டும். "புகார்" என்று மட்டும் போட்டால் எந்த மேசைக்குப் போக வேண்டுமென்று அங்கே யாருக்கும் தெரியாது. "இந்தத் தாமான், இந்த லோரோங்கில் எரியாத தெருவிளக்கு" என்று போடுங்கள். உள்ளே கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, ஏற்கெனவே போன் செய்திருந்தால் என்றைக்கு, என்ன பதில் சொன்னார்கள், அவ்வளவு போதும். "பல முறை", "நீண்ட காலமாக", "அக்கறையே இல்லாத அதிகாரிகள்" எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். கோபம் நியாயமாகவே இருக்கலாம், ஆனால் தேதி போட்ட ஒரு வரிக்கு இருக்கும் பலம் அதற்கு இல்லை.

கடிதத்தை நேரில் கொடுக்கப் போனால் இரண்டு பிரதி எடுத்துப்போய், உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான சாப் (முத்திரை) குத்தித் தரச் சொல்லுங்கள். கேட்டால் குத்தித் தருவார்கள், கேட்காவிட்டால் தர மாட்டார்கள். கடிதம் தொலைந்துவிட்டது என்று பின்னால் யாராவது சொன்னால் அந்தச் சாப்தான் பேசும்.

வாட்ஸ்அப்பிலும் இதே ஒழுங்குதான். நாலு நிமிடக் குரல் பதிவை அனுப்பிவிட்டு "கேட்டீங்களா அண்ணே" என்று கேட்பது எழுத்தும் இல்லை, பேச்சும் இல்லை. முதலில் ஒரு வரி எழுதுங்கள், குரல் பதிவு வேண்டுமானால் அப்புறம். வேலை விஷயமென்றால் எழுத்து கட்டாயம். வேலையிடத்தில் கை நசுங்கியது, கால் வழுக்கியது என்றால் அன்றைக்கே மேற்பார்வையாளருக்கு நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோவுக்கு (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு) முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும், நீங்கள் சொன்னீர்களா இல்லையா என்ற பேச்சு வந்தால் அந்த நாலு வரி கையில் இருக்கும். ஐசி எண்ணை மட்டும் எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

அனுப்பும் முன் ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். மலாய் தடுமாறினால் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் புதிதாக ஒன்று எழுத வேண்டாம், முதல் கடிதத்தின் தேதியைத் தலைப்புக்குக் கீழே குறிப்பிட்டு, சாப் குத்திய பிரதியின் நகலை இணைத்து, மூன்றே வரியில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.