பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியா? ரிப்பைத் தட்டிப் பாருங்கள்

வண்டன்மேடு, குமுளிப் பக்கம் லைசென்ஸோடு பழைய இரட்டைக்குழல் வாங்குகிறவர்கள் முதலில் குழலுக்குள்தான் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு குழலுக்கும் நடுவே மேலாக ஓடும் பட்டை, அதாவது ரிப், யார் கண்ணிலும் படாது.

குழிந்த ரிப் குழல்களுக்கிடையே பதுங்கியிருக்கும். எடை குறைவு, சட்டென்று தூக்கிச் சுட வசதி. உயர்ந்த தட்டை ரிப் கொஞ்சம் கனக்கும். ஆனால் கண்ணுக்கு நேர்க்கோடு காட்டும். ஏலத்தோட்டத்தில் நின்று நிதானமாகக் குறி பார்ப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். மேலே மெல்லிய வரிகள் வெட்டியிருந்தால் இன்னும் நல்லது, வெயில் பட்டுக் கூசாது. இடைவெளி விட்ட ரிப் சூட்டை ஆற்றும், சரி. நம்மூர் மழைக்கு அந்தச் சந்துகளைத் துடைத்து மாளாது.

எந்த வகையானாலும், தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு குழல்களைத் தனியே கழற்றுங்கள். குழல்களின் அடியில் இருக்கும் கொக்கியில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. மொத்தென்றோ கிர்ரென்றோ கேட்டால் ரிப்பைக் குழலோடு ஒட்டிய ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கலாம். உள்ளே ஈரம் இறங்கி, வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். அதை வெல்டிங் பட்டறைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சூட்டில் குழலே கெட்டுவிடும்.