ஹெட்டன் பள்ளத்தாக்கு: முதல்முறை நடப்பவர்களுக்கு ஒரு கடலோரச் சுற்று

இங்கிலாந்தில் டெவனின் வடக்குக் கரையில், எக்ஸ்மூர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது ஹெட்டன் பள்ளத்தாக்கு. ஓக் காடு, ஆறு, கடலில் செங்குத்தாக இறங்கும் பாறை எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். சுற்று சுமார் 10 கிலோமீட்டர். நடந்து பழக்கமில்லாதவர்களும் போகலாம், ஆனால் எந்தத் திசையில் சுற்றுகிறோம் என்பது முக்கியம். நான் முதல்முறை தலைகீழாகச் சுற்றினேன். ஒடுங்கிய பாறைப் பாதையைக் கால் சூடேறும் முன்பே நடுங்கிக்கொண்டு நடந்து, பாதி வழியில் ஏற்றத்தில் மூச்சு வாங்கி, திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. ஆற்றின் முகத்துவாரத்தைப் பார்க்கவே இல்லை. அந்தத் தப்பைத் திருத்திய வழி இது.

1. கிளம்பும் முன்

பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னலை நம்ப வேண்டாம். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓ.எல். 9 வரைபடத்தைக் காகிதமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 1:25,000 அளவு, அதாவது வரைபடத்தில் 4 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. உயரக் கோடுகள் நெருங்கி நிற்கும் இடம் செங்குத்து. கடலோரத்தில் அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1892-இல் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். மொத்த ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்தாலும் இரண்டரை மணி வருகிறது. அவர் போட்டோ எடுக்க நிற்காதவர் போலிருக்கிறது. நீங்கள் 4 மணி நேரம் வையுங்கள். டிசம்பரில் நாலரைக்குள் இருட்டிவிடும்.

அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் பூட்ஸ், மழைக்கோட்டு, தண்ணீர், பிளாஸ்க்கில் டீ. கோடையில் முழு பேன்ட் போடுங்கள், பெரணிப் புதர்களில் உண்ணி இருக்கும்.

2. மேல் பாதையில் ஏறுங்கள்

ஹன்டர்ஸ் இன் விடுதிக்கு அருகே இயற்கை, பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. விடுதியை ஒட்டி, காட்டுக்குள் மெல்ல ஏறும் அகலமான பாதைதான் பழைய குதிரை வண்டிச் சாலை. வண்டிக்காகப் போட்டது என்பதால் ஏற்றம் சீராக இருக்கும், முழங்காலைப் படுத்தாது. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

காடு விலகியதும் இடப்பக்கம் கடல் திறக்கும். வானம் தெளிவாக இருந்தால் பிரிஸ்டல் கால்வாய் என்ற இந்தக் கடற்பகுதிக்கு அக்கரையில் வேல்ஸ் தெரியும். மேலே பீக்கன் என்ற இடத்தில் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர்கள் ஒரு சிறு காவல் கோட்டை வைத்திருந்தார்கள். இப்போது மண் மேடுதான் மிச்சம். கோட்டைச் சுவரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

3. வுடி பேயில் திரும்புங்கள்

பாதை மறுபடி காட்டுக்குள் புகுந்து தார்ச்சாலையில் சேரும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெஞ்சமின் லேக் என்ற வழக்கறிஞர் வுடி பே என்ற இந்த விரிகுடாக் கரையை உல்லாச ஊராக மாற்றப் பார்த்தார். கப்பலில் ஆள் வந்து இறங்க ஒரு துறையும் கட்டினார். துறையைப் புயல் உடைத்தது. கட்சிக்காரர்களின் பணத்தைக் கையாடியதற்காக அவர் சிறைக்குப் போனார். காடு தப்பித்தது.

சாலையில் கொஞ்சம் இறங்கினால் கரையோரப் பாதைக்கான கைகாட்டி வரும். அதில் ஓக் கொட்டைச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். 1,014 கி.மீ. நீளமுள்ள தென்மேற்குக் கடற்கரைப் பாதையின் அடையாளம் அது. இனி கடல் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் இருந்தால், சரி, திரும்பி நடங்கள்.

4. கீழ்ப் பாதை

இங்கேதான் கவனம் தேவை. பாதை ஓராள் அகலம்தான், சில இடங்களில் வலப்பக்கம் சரேலென்று சரிவு. நடக்கும்போது பார்க்காதீர்கள், பார்க்கும்போது நடக்காதீர்கள். எதிரே ஆள் வந்தால் மலைப் பக்கமாக ஒதுங்கி நின்று அவரை விடுங்கள். குழந்தையையும் நாயையும் பிடியில் வையுங்கள். பலத்த காற்று அடித்தால் வந்த மேல் பாதையிலேயே திரும்பிவிடுவது நல்லது, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. யாராவது விழுந்து அடிபட்டால் 999 அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள்.

வழியில் ஹாலோ புரூக் ஓடை பாதையைக் கடந்து கடலை நோக்கி அருவியாக இறங்கும். டீக்கு நல்ல இடம்.

ஹைவீர் முனையில் பாதை உள்நாட்டுப் பக்கம் திரும்பி இறங்கத் தொடங்கும். இறங்கும் முன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டுங்கள். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளி, விரல் பக்கம் தளர்வாக விட்டு, கணுக்காலருகே இருக்கும் கடைசி இரண்டு கொக்கிகளில் மட்டும் இறுக்குங்கள். இல்லாவிட்டால் இறக்கம் முழுக்கக் கட்டைவிரல் முன்னால் போய் முட்டும். மறுநாள் நகம் கறுத்துவிடும்.

5. முகத்துவாரம்

கீழே ஆற்றோரப் பாதையில் சேர்ந்ததும் விடுதிக்குப் போய்விடாதீர்கள். முதலில் கடல் பக்கம் திரும்புங்கள். இரண்டு பக்கமும் மலை எழும்பி நிற்க, நடுவே கூழாங்கல் கரை. அங்கே ஒரு பழைய சுண்ணாம்புக் காளவாய் இருக்கிறது. வேல்ஸிலிருந்து படகில் சுண்ணாம்புக் கல்லும் நிலக்கரியும் வரும். இங்கே சுட்டு, அமிலத்தன்மை கூடிய மண்ணைத் திருத்த வயல்களில் போட்டார்கள்.

கற்களின் மேல் உட்காரலாம், ஆனால் பாறை ஓரமாகச் சுற்றிப் போகாதீர்கள். இந்தப் பிரிஸ்டல் கால்வாயில் கடலின் ஏற்றவற்றம் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, தண்ணீர் வேகமாக ஏறும்.

இங்கிருந்து விடுதிக்கு ஆற்றோரமாக ஒன்றரை கி.மீ., பெரிய ஏற்றம் இல்லை. காருக்கு வந்ததும் முதல் வேலை, முழங்காலின் பின்பக்கம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது.